அக்கரையில் சோதனை இல்லை

பாலம் இறங்கியதும் இடது கைப் பக்கம் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை ஒன்று இருக்கிறது. காலையில் ஆற்றிலிருந்து எழும் பனி அதற்குள்ளும் புகுந்துவிடும். அந்த நேரத்தில் மோட்டார் சைக்கிளோடு வந்து வரிசையில் நிற்பவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது ஒரு மஞ்சள் கையுறைதான். அதற்குப் பின்னால் ஒரு பெண் இருப்பது அப்புறம்தான் தெரியும். அவள் ஹேண்டிலைப் பிடித்து இடமும் வலமும் மெல்லத் திருப்புவாள். முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டு விரல் நுனியால் அசைப்பாள். கண்ணை மூடிக்கொள்வாள். நின்றுகொண்டே தூங்கிவிட்டாளோ என்று வண்டிக்காரர் நினைக்கத் தொடங்கும்போது, "லேசா ஆட்டம் இருக்குப்பா," என்பாள்.

இதனால் அவளுக்கு ஆட்டம் அக்கா என்று பெயர் விழுந்தது. கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர், நாளடைவில் வரிசையில் நிற்பவர்களின் வாயிலும் புகுந்துவிட்டது. அவளுக்கும் அதில் வருத்தமில்லை. வீட்டில் நாற்காலியில் உட்காரும் முன்னால்கூட அதைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். மகளைப் பெண் கேட்டு வந்தபோது, "மாப்பிள்ளைகிட்ட ஆட்டம் கீட்டம் இருக்கான்னு பாத்தீங்களாக்கா?" என்று அலுவலகமே கேட்டுச் சிரித்தது.

சின்ன வயதில் அவள் இந்த வேலைக்கு ஆசைப்பட்டதில்லை. எதற்குமே ஆசைப்பட்டதாக அவளுக்கு நினைவில்லை. ஜன்னலோரம் படுத்துக்கொண்டு தெருவில் போகிற வண்டிகளைக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒன்று இருமிக்கொண்டு போகும், ஒன்று முனகிக்கொண்டு போகும். இது இன்று தள்ளிக்கொண்டுதான் வீடு திரும்பும் என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். அப்படியே தூங்கிப்போவாள். போக்குவரத்து அலுவலகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, போனாள். ஒரு அதிகாரி பழைய வண்டி ஒன்றை முறுக்கிக் காட்டி, "என்ன கேக்குது?" என்றார். "செயின் அழுவுது சார்," என்றாள். வேலை கிடைத்துவிட்டது.

அவளுடைய கரையில் சட்டம் கறார். எந்த மோட்டார் சைக்கிளும் வருடத்துக்கு ஒரு முறை அந்தக் கொட்டகைக்குள் வந்தே ஆக வேண்டும். பிரேக், டயர், விளக்கு, ஹாரன், செயின், ஹேண்டில் என்று எல்லாவற்றையும் பார்த்துத் திருப்தியானால்தான் வண்டியின் முன்பக்கம் ஒட்டுவதற்கு வட்டமான ஒரு சான்று வில்லை தருவார்கள். பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போனால் அது வேறு மாகாணம். அங்கே அப்படி ஒரு பேச்சே கிடையாது. புது வண்டி வாங்கும்போது ஒரு தடவை பார்ப்பார்கள். அதற்குப் பிறகு வண்டி பாடு, உங்கள் பாடு. வடக்கே மலைப் பக்கம் போனால் இன்னொரு கதை. அங்கே சைலன்சருக்குப் பின்னால் ஒரு கருவியை நீட்டிச் சத்தத்தையும் புகையையும் அளப்பார்கள், அவ்வளவுதான். பிரேக் இருக்கிறதா என்று கேட்க மாட்டார்கள்.

"ஒரே வண்டிதான்க்கா. பாலத்துக்கு அந்தப் பக்கம் நல்ல வண்டி. இந்தப் பக்கம் வந்தா ஓட்ட வண்டி. மலைக்கு ஏறினா சத்தக்கார வண்டி," என்று வரிசையில் நின்ற ஒரு பால்காரர் ஒரு நாள் அலுத்துக்கொண்டார்.

"வண்டிக்கு ஊர் தெரியாதுப்பா. டயரைப் பாரு, வழுக்கையாயிருச்சு," என்றாள் அக்கா. பால்காரர் தன்னையறியாமல் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டார். வரிசை முழுக்கச் சிரித்தது.

அவளுக்கு ஒரு கனவு அடிக்கடி வரும். ஆறு பாலைப் போல வெளுத்திருக்கும். அதன் மேல் மோட்டார் சைக்கிள்கள் சத்தமில்லாமல் மிதந்து போகும். ஓட்டுகிறவர்கள் அவளைப் பார்த்துக் கையசைப்பார்கள். எல்லோர் முகத்திலும் நிம்மதி. இவள் மட்டும் கரையில் நின்றுகொண்டு, இவை எப்படி நிற்கும், நிற்க ஒரு இடம் வேண்டாமா என்று தவிப்பாள். காலையில் கணவரிடம் சொல்வாள். அவர் தண்ணீர் வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்க்கிறவர். எதையும் நிதானமாக எடுத்துக்கொள்கிற மனிதர். "மிதக்குற வண்டிக்குப் பிரேக் எதுக்கு? நங்கூரம் இருக்கான்னு பாரு," என்பார்.

மகளுக்கு அமைந்த மாப்பிள்ளை அக்கரைக்காரன். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் மகளுக்கு வேலை. மாப்பிள்ளைக்கு அதே சாலையில் ஒரு அச்சகத்தில். தினமும் அவன் பின்னால் உட்கார்ந்துதான் அவள் போய் வந்தாள். ஆட்டம் அக்கா அந்த வண்டியை ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தாள், அதுவும் கல்யாண மண்டபத்து வாசலில், மேலெல்லாம் பூ சுற்றியிருந்தது. பூவுக்கு அடியில் என்ன இருக்கிறதோ என்று அவள் மனம் அன்றைக்கே அரித்தது.

போனில் மெல்ல ஆரம்பிப்பாள். "மாப்பிள்ளை நல்லா இருக்காரா? வேலையெல்லாம் நல்லா போகுதா? செயினுக்கு எண்ணெய் விட்டாரா?"

"அம்மா, எனக்குக் கல்யாணம் ஆனது வண்டியோட இல்ல," என்பாள் மகள்.

"இல்லடி, ஒரு நாள் இந்தப் பக்கம் வந்தீங்கன்னா, அப்படியே கொட்டகையில விட்டு..."

"மாமா காதுல விழுந்தா அவ்வளவுதான். எங்க வண்டியை நம்பலையான்னு கேப்பாரு. விடும்மா."

மாமா என்று மகள் சொன்னது மாப்பிள்ளையின் அப்பாவை. பல காலம் லாரி ஓட்டியவர். மனைவி இறந்த பிறகு மகன் வீட்டோடு இருந்தார். நறுக்கென்று பேசுகிறவர். அதற்குமேல் அவரைப் பற்றி அக்காவுக்கு அதிகம் தெரியாது. கல்யாணத்தில் பார்த்தபோதும் அவர் சம்பந்தியம்மாவிடம் பேசியது கொஞ்சம்தான். பேசிய கொஞ்சத்திலும் பாதி, ஆற்றுக்கு இந்தப் பக்கத்துச் சட்டங்களைப் பற்றிய குறை. "உங்க ஊர்ல தும்மறதுக்கும் வில்லை ஒட்டணும் போல," என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

ஒரு விடுமுறை நாளில் அக்கா மகளைப் பார்க்கக் கிளம்பினாள். கணவருக்குக் காய்ச்சல், வரவில்லை. வாசல் வரை வந்து, "பொண்ணைப் பாரு. வண்டியைப் பாக்காத," என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அவளும் தலையாட்டினாள். கைப்பைக்குள் கொண்டை ஊசிகளோடு ஊசியாகப் புதிய காட்டர் பின்களும் நாலைந்து கிடந்தன. அது அவள் எப்போதும் வைத்திருப்பதுதான். நட்டும் ஊசியும் நழுவாமல் பிடித்துக்கொள்கிற, கால் விரித்து மடக்குகிற அந்தச் சின்னக் கம்பித் துண்டுகள் அவளுக்குப் பிடித்த பொருள்.

சாப்பாடு முடிந்தது. மகளும் மாப்பிள்ளையும் உள்ளறையில் கண் அயர்ந்தார்கள். சம்பந்தி கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போயிருந்தார். வீடு முழுக்க மதியத்தின் மௌனம். மின்விசிறி ஒரே சீராகச் சுற்றியது. ஆட்டம் அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியே முற்றம் தெரிந்தது. முற்றத்தில் வண்டி நின்றது. வெயில் அதன் டேங்க் மேல் ஒரு சொட்டு எண்ணெயைப் போல அசையாமல் தங்கியிருந்தது. வண்டி தன்னைக் கூப்பிடுவதாக அவளுக்குத் தோன்றியது. எழுந்ததும் தெரியவில்லை, நடந்ததும் தெரியவில்லை. நினைவு வந்தபோது சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைப்பையை அருகே வைத்துவிட்டு, வண்டிக்குப் பக்கத்தில் தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

டயர் நன்றாக இருந்தது. செயின் நன்றாக இருந்தது. சக்கரத்தை அசைத்தாள், ஆட்டமில்லை. அவளுக்கே ஆச்சரியம், கொஞ்சம் ஏமாற்றமும்கூட. பிறகு பின் பிரேக்கின் மிதியைப் பார்த்தாள். மிதியிலிருந்து சக்கரத்துக்கு ஒரு கம்பி போகும். இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது சுண்டுவிரல் அளவு ஊசி ஒன்று. அந்த ஊசி நழுவிவிடாமல் அதன் முனையில் ஒரு காட்டர் பின் இருக்க வேண்டும். அங்கே பின் இல்லை. யாரோ ஒரு சாதாரணக் கம்பியை வளைத்து முறுக்கி விட்டிருந்தார்கள்.

இதை நம்பித்தானா என் பெண் தினமும் போகிறாள்! கம்பியை முறுக்கவிழ்த்து உருவினாள். புதுப் பின்னை எடுக்க இன்னொரு கையைப் பைக்குள் விட்டுத் துழாவினாள். கொண்டை ஊசியாகவே வந்தது.

"என்ன பண்றீங்க?"

சம்பந்தி வாசல் கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

எழுந்திருக்க முயன்றாள். சேலையில் மண். தலையில் ஒரு இலை. "ஒண்ணும் இல்ல சம்பந்தி. சும்மா..."

"சும்மா யாராவது வண்டிக்கு அடியில போய்ப் படுப்பாங்களா? சோதனை போடுறீங்களா? எங்க வீட்டு முற்றத்துல வந்து?"

"என் பொண்ணு போற வண்டி சம்பந்தி. அதான்..."

"உங்க பொண்ணு போற வண்டிதான். எம் மகன் போகலையா? எங்க ஊர்ல சட்டம் இல்லன்னா எங்களுக்கு அக்கறையும் இல்லன்னு நெனச்சீங்களா? எங்களை என்னன்னு நெனச்சீங்க?"

சத்தம் கேட்டு மகள் ஓடி வந்தாள். மாமனாரைப் பார்த்தாள், அம்மாவின் சேலை மண்ணைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது. "அம்மா, எத்தனை தடவை சொன்னேன்! மானத்தை வாங்குறியே!" என்றாள். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. ஆட்டம் அக்கா பையை எடுத்துக்கொண்டாள். செருப்பைத் தேடி மாட்டினாள். யாரையும் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தாள். பின்னால் யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. திரும்பவில்லை.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெயில் தாழ்ந்து, ஆற்றின் மேல் மெல்லிய பனிப்புகை படரத் தொடங்கியிருந்தது. பாலத்தில் ஏறியதும் சக்கரங்களின் ஓசை மாறி, உலகம் கொஞ்சம் தள்ளிப் போனதாக இருந்தது. கண் கலங்கியது. துடைக்கக் கையை எடுத்தாள். கை மூடியபடியே இருந்தது. விரித்தாள். உள்ளங்கையில் அந்தக் கம்பித் துண்டு.

பழைய கம்பியை எடுத்துவிட்டாள். புதுப் பின்னைப் போடவில்லை. இப்போது அந்த ஊசியைப் பிடித்துக்கொண்டு எதுவுமே இல்லை. இரண்டு குழியில் வண்டி ஏறி இறங்கினால் நழுவிவிடும். அடுத்த முறை மிதித்தால் மிதி சும்மா கீழே போகும். சோதனை செய்யப் போனவளே வண்டியைக் கெடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

மகளைப் போனில் கூப்பிட்டாள். மகள் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். துண்டித்துவிட்டாள். மாப்பிள்ளையின் போன் அணைந்திருந்தது.

"நிறுத்துங்க! வண்டியை நிறுத்துங்க!" என்று ஓட்டுநரிடம் ஓடினாள்.

"பாலத்து மேல நிறுத்தக் கூடாதும்மா, சட்டம்."

"அது எங்க பக்கத்துச் சட்டம். நடுவுல கோடு இன்னும் வரல. இங்க அப்படி ஒண்ணும் கிடையாது. கோடு வர்றதுக்குள்ள நிறுத்துங்கப்பா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஓட்டுநர் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, ஓரம் கட்டினார். மாகாணம் மாறும் இடத்தில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் இறங்கினாள். பேருந்து புகைக்குள் கரைந்துபோனது.

பாலத்தில் அவள் மட்டும்தான். அத்தனை காலம் அதன் காலடியில் வேலை பார்த்தும் அவள் அதில் நடந்ததே இல்லை. கீழே தண்ணீர் தெரியவில்லை, வெண்மை மட்டும் தெரிந்தது. விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாகப் பனிக்குள்ளிருந்து வெளியே வந்து அவளைக் கடந்து போயின. தான் நடக்கிறோமா, பாலம் தன்னை நோக்கி வருகிறதா என்று சொல்ல முடியவில்லை. கால் வேகமாகப் போனது, மனம் எங்கோ பின்தங்கியிருந்தது. தன் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது தோளில் சாய்ந்து விட்ட மூச்சு கழுத்தில் படுவதாக இருந்தது. ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று அந்தக் குழந்தைக்குச் சொல்வதுபோல வாய் முணுமுணுத்துக்கொண்டே வந்தது.

அப்போது எதிரே ஒரு வண்டிச் சத்தம். பனியைத் துளைத்துக்கொண்டு ஒற்றை விளக்கு. அவள் யோசிக்கவில்லை. நடுச் சாலைக்குப் போய் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

வண்டி வந்தது. வேகம் குறைந்தது. அவளுக்கு வெகு அருகில், ஆனால் இடிக்காத தூரத்தில், துளிச் சறுக்கல்கூட இல்லாமல் நின்றது.

"என்ன அத்தை இது! நடு ரோட்டுல!" மாப்பிள்ளை தலைக்கவசத்தைக் கழற்றினான்.

"இறங்குங்க மாப்பிள்ளை. முதல்ல இறங்குங்க. பின் பிரேக்குல ஊசி..." குனிந்தாள். போனின் விளக்கைப் போட்டு மிதியருகே பிடித்தாள். ஊசி இருந்தது. அதன் முனையில் பளபளவென்று புத்தம்புதிய காட்டர் பின். இரண்டு காலும் அழகாக மடங்கியிருந்தன.

"அப்பா போட்டாரு," என்றான் மாப்பிள்ளை. "முந்தின நாள் பாத்தப்ப பழைய பின் தேஞ்சிருந்துச்சாம். கடை மூடியிருந்ததால கம்பியைச் சுத்தி வெச்சிருக்காரு. இன்னிக்குப் புதுசு வாங்கத்தான் போயிருந்தார். உங்களோட சண்டை போட்டப்ப பின் அவர் சட்டைப் பையிலதான் இருந்துச்சு."

அக்கா அந்தப் பின்னை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள்.

"நீங்க போனதும் பின் போடப் போனார். பாத்தா கம்பியைக் காணோம். அப்புறம் பின்னைப் போட்டுட்டு என்கிட்ட வந்து, 'அந்தம்மா கையில கம்பி போயிருக்கு. வழியில பாத்ததும் பஸ்ஸை நிறுத்தி இறங்கி நடந்து வரும். நீ போய்க் கூட்டிட்டு வா, இருட்டப் போகுது'ன்னார்."

"நான் நடந்து வருவேன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"நானும் அதான் கேட்டேன். 'நானா இருந்தா நடந்துதான் வருவேன்'னார்."

மகளுடைய தலைக்கவசத்தை அவன் கொண்டுவந்திருந்தான். அது அக்காவுக்குச் சற்று இறுக்கம். பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தது. எந்தச் சத்தத்தையும் அவள் பிரித்துப் பார்க்கவில்லை. இஞ்சின் ஒரே தாலாட்டாகப் பாடியது. பனி முகத்தில் ஈரமாகப் பட்டது. கனவில் கரையிலிருந்து பார்த்த முகங்களைப் போலத் தன் முகமும் இப்போது இருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது. மாப்பிள்ளையின் சட்டையை லேசாகப் பிடித்துக்கொண்டாள். பாலம் முடிந்ததே தெரியவில்லை.

வாசலில் மகள் நின்றிருந்தாள். ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "போனை எடுக்காம விட்டுட்டேம்மா," என்று விம்மினாள். "அழாத. மூக்குல தண்ணி," என்று முந்தானையால் துடைத்துவிட்டாள் அக்கா.

சம்பந்தி தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். சர்க்கரை அதிகம். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"என் மேல தப்பு. கேக்காம தொட்டிருக்கக் கூடாது," என்றாள் அக்கா.

"நானும் கத்தியிருக்கக் கூடாது." அவர் வேட்டியை முழங்கால் வரை விலக்கிக் காட்டினார். ஆடுசதை நெடுக ஒரு பழைய தழும்பு, ஆற்றின் வரைபடத்தைப் போல வளைந்து போனது. "மலை இறக்கத்துல. லாரி இல்ல, மோட்டார் சைக்கிள்தான். மிதிச்சேன், மிதி கீழே போயிருச்சு. சத்தம் சரியா இருக்குன்னு அன்னிக்குக் காலையிலதான் சோதனையில பாஸ் பண்ணி அனுப்பியிருந்தாங்க. பின்னால வீட்டுக்காரி உக்காந்திருந்தா. அவளுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா அதுக்கப்புறம் அவ வண்டியில ஏறவே இல்ல. கடைசி வரைக்கும் ஏறல."

"அய்யோ."

"அதான் தினமும் அவன் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை தடவிப் பாத்துருவேன். அவனுக்கே தெரியாது. இப்ப தெரிஞ்சிருச்சு." உள்ளறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சட்டம் வெச்சிருக்கிற உங்க ஊர்ல வில்லை ஒட்டினதும் எல்லாரும் ஒரு வருஷம் நிம்மதியாத் தூங்குவீங்க. எனக்கு அந்த வசதி இல்ல பாருங்க."

அக்கா சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். தனக்கும் அந்த வசதி இருந்ததில்லை என்று சொல்ல நினைத்தாள், ஆனால் அது அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்று பட்டது.

அன்றிரவு அங்கேயே தங்கினாள். காலையில் அவள் கண் விழித்தபோது வீடு காலியாக இருந்தது. மகளும் மாப்பிள்ளையும் வண்டியில் கிளம்பி வெகு நேரமாகியிருந்தது. புறப்பட்ட சத்தம் அவளை எழுப்பவே இல்லை. முற்றத்தில் சம்பந்தி செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "நல்லா தூங்குனீங்க போல," என்றார்.

இப்போது அக்கரையிலும் சட்டம் வந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை, விளக்கும் டயரும் மட்டும். செய்தி வந்த அன்றே சம்பந்தி போன் செய்து கொதித்தார். "பிரேக்கை விட்டுட்டானுங்க சம்பந்தியம்மா! விளக்கைப் போட்டுக்கிட்டு வெளிச்சமாப் போய் முட்டிக்கவா?"

"பிரேக்குக்குத்தான் நீங்க இருக்கீங்களே," என்றாள் அக்கா.

பிறகு அவர் மழையைப் பற்றியும், அவளுடைய கணவரின் முழங்கால் வலியைப் பற்றியும், மாடி அறைக்கு வெள்ளையடிக்கப் போவதைப் பற்றியும் பேச ஆரம்பித்தார். அவள் ஒரு காதை அவருக்குக் கொடுத்துவிட்டுக் கொட்டகை வாசலைப் பார்த்தாள். பனிக்குள் யாரோ ஒரு பெண் வண்டியை நிறுத்திவிட்டு, தன் முறைக்காகக் காத்துக்கொண்டு, வாய்க்குள் எதையோ பாடிக்கொண்டிருந்தாள். அக்கா அவளைப் பார்த்துக் கொஞ்சம் பொறு என்று கை காட்டிவிட்டு, "என்ன கலர் அடிக்கப் போறீங்க?" என்று போனில் கேட்டாள்.